முன்னப்பின்ன

லேப் அக்காவிடம் மணி கேட்டால் மணி மட்டும் வராது. "பத்தேகால் மிஸ், ரெண்டு நிமிசம் முன்னப்பின்ன" என்பார். கையில் கடிகாரம் கட்டியிருப்பார். எதிர்ச் சுவரிலும் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். அப்படியும் அந்த 'முன்னப்பின்ன' ஒட்டிக்கொண்டுதான் வரும்.

கே.கே. நகரில் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் நான் இயற்பியல் ஆசிரியை. சேர்ந்து பத்து வருடம் ஆகப்போகிறது. நான் சேர்ந்தபோதே அவர் அங்கே ஆய்வக உதவியாளராக இருந்தார். கருவிகளை எடுத்துக் கொடுப்பது, எண்ணித் திரும்ப வாங்குவது, துடைத்து அடுக்குவது, அலமாரியைப் பூட்டுவது அவர் வேலை. என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை மிஸ் என்பார். பிள்ளைகள், வாட்ச்மேன், தலைமை ஆசிரியை எல்லோருக்கும் அவர் லேப் அக்காதான். பெயர் எனக்குத் தெரியும். எழுத மனம் வரவில்லை. நான் அவருக்குச் செய்ததை எழுதப்போகிறேன், அதன் பக்கத்தில் அவர் பெயரைக் கொண்டுவந்து வைப்பது நன்றாக இருக்காது.

செய்தது பெரிய காரியம் இல்லை. நாலு மில்லிமீட்டர் பொய். அவ்வளவுதான் என்று நான் ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் வயதைக் கேட்டேன்.

"நாப்பத்தி மூணு மிஸ். ரெண்டு வருசம் முன்னப்பின்ன."

"வயசுல என்னக்கா முன்னப்பின்ன?"

"எங்கய்யா என்னையப் பள்ளிக்கூடத்துல சேக்கையில எப்பப் பொறந்தான்னு கேட்டுருக்காங்க. நடவு முடிஞ்ச மறுவாரம்னு சொல்லிருக்காரு. எந்த வருசத்து நடவுன்னு கேட்டா அவருக்கே நெனப்பில்ல. ஊராரு வயல்ல நட்டுக்கிட்டே இருந்தவருக்கு எல்லா வருசமும் ஒன்னுதான. ஹெட்மாஸ்டரா ஒரு தேதியப் போட்டுக்கிட்டாரு."

"பிள்ளைங்க எத்தனை?"

"ரெண்டு."

காத்திருந்தேன். வால் வரவில்லை. "ஏங்க்கா, இதுல முன்னப்பின்ன கெடையாதா?"

"எண்ணுறதுல என்ன மிஸ் முன்னப்பின்ன? அளக்குறதுலதான அது" என்றார், சிரிக்காமல். டப்பாவை மூடிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். நான் பதினொன்றாம் வகுப்புக்கு நாற்பது நிமிடம் நடத்துகிற பாடம் அது. அவர் பிளஸ் டூ வரைதான் படித்தவர், அதுவும் தமிழ்வழியில்.

எனக்கு அவர்மேல் முதலில் எரிச்சல்தான் இருந்தது. நான் முழு எண்காரி. தனி ஊசல் சோதனையில் புவிஈர்ப்பு முடுக்கம் 980 வரவேண்டும், வந்தால் மார்க், முடிந்தது கதை. பிள்ளைகளும் கெட்டிக்காரர்கள். விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, ஊசல் ஆடிய நேரத்தை அழகாக எழுதி வைத்துவிடுவார்கள். நான் கண்டும் காணாமல் விட்டுவிடுவேன். அக்கா விடமாட்டார். அளவு எடுத்த நோட்டில் தேதி முத்திரை குத்துவது அவர் பொறுப்பு. நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இம்புட்டு சுத்தமா வராது தம்பி. போயி இன்னொருக்கா ஆட்டிப் பாத்துட்டு வா" என்று திருப்பி நீட்டுவார். யூனிட் போடாமல் வெறும் எண்ணை எழுதியவனுக்கு இன்னும் மோசம். "அஞ்சுன்னா என்னப்பா? அஞ்சு ஆடா, அஞ்சு மாடா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிடுவார்.

ஒரு செய்முறைத் தேர்வுக்கு முந்தின நாள் இப்படி இருபது பேரை வரிசையில் நிற்க வைத்துவிட்டார். மறுநாள் காலையில் வெளியிலிருந்து தேர்வாளர் வந்துவிடுவார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் கையிலிருந்த முத்திரையைப் பிடுங்கி, நானே இருபது நோட்டிலும் டப் டப் என்று குத்தித் தள்ளினேன். "சரிங்க மிஸ்" என்று நகர்ந்துகொண்டார். அன்று மாலை எனக்கு டீ வாங்கி வந்து வைத்ததும் அவர்தான். கோபத்தைக் காட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

பஸ் நிறுத்தத்தில் பூ விற்கிற இரண்டு பேர் இருந்தார்கள். அக்கா எப்போதும் தள்ளி உட்கார்ந்திருப்பவரிடம்தான் வாங்குவார். ஏன் என்று கேட்டதற்கு, "அந்தக்காவுக்குக் கை நீளம் மிஸ். ரெண்டு பேரும் மொழம்னுதான் சொல்றாக, ஆனா ஒரே மொழமா அது?" என்றார். அன்றிலிருந்து நானும் அங்கேதான் வாங்குகிறேன்.

அவருடைய அலமாரியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆய்வகத்தின் மூலையில் பச்சைப் பெயின்ட் அடித்த மர அலமாரி. அதன் கதவின் உள்பக்கம் நீளமாக ஒரு வெள்ளைத்தாளை ஒட்டி, மேலே 'சுழிப்பிழை' என்று தலைப்பிட்டு ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தார். கருவி சுழியில் நிற்கவேண்டிய இடத்தில் சுழியில் நிற்காமல் கொஞ்சம் கூடவோ குறையவோ காட்டினால் அது சுழிப்பிழை. நாங்கள் இங்கிலீஷ் மீடியத்தில் ஜீரோ எரர் என்போம். நாலாம் நம்பர் வெர்னியர் இவ்வளவு கூடக் காட்டும், இரண்டாம் நம்பர் திருகு அளவி இவ்வளவு குறைத்துக் காட்டும், சுவர்க் கடிகாரம் வாரத்துக்கு ஒரு நிமிடம் பிந்தும் என்று தேதி போட்டு வரிசையாக எழுதியிருப்பார். நடுவில் ஒரு வரி: 'நான். ஸ்டாப்வாட்ச் நிறுத்துகையில் 0.2 விநாடி தாமதம்.'

அதைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "உங்களையே லிஸ்ட்ல சேத்துட்டீங்களாக்கா!"

"ஆமா மிஸ். ஊசல் வந்து திரும்பிருச்சுன்னு கண்ணு சொல்லும், வெரலு அமுக்க லேட்டாகும். பத்து தடவ பாத்துட்டேன், ஒரே அளவுதான் பிந்துறேன்."

"பிழைன்னு போட்டு உங்க பேரையே எழுதியிருக்கீங்களே, ஒரு மாதிரி இல்லையா?"

"பிழைன்னா திட்டுறதா மிஸ்? எதுலதான் பிழை இல்ல. எம்புட்டுன்னு தெரிஞ்சுட்டா கழிச்சுட்டு அதை வச்சே வேலை பாத்துட்டுப் போயிரலாம். தெரியாம இருந்தாத்தான் வம்பு."

அந்த நாலாம் நம்பர் வெர்னியரைத் தூக்கிப் போடச் சொல்லி நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். கடைசிவரை போடவில்லை. எடுத்துக் கொடுக்கும்போது அதன் பிழையையும் சொல்லித்தான் கொடுப்பார்.

அவருடைய மூத்தவள் செல்வி போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வு எழுதிப் பாஸாகிவிட்டாள். அந்தக் குடும்பத்தில் அரசாங்கச் சம்பளம் வாங்கப்போகிற முதல் ஆள் அவள்தான். அக்காவின் வீட்டுக்காரர் மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர். அவர் அந்த வாரமே மார்க்கெட் முழுக்கச் சொல்லிவிட்டார். இனி மைதானத்தில் உயரம் பார்ப்பார்கள், ஓடவிட்டுப் பார்ப்பார்கள். செல்வி ஓடுவதில் புலி. உயரம்தான் சந்தேகம். அவளுக்கு வேண்டியது நூற்று ஐம்பத்தேழு சென்டிமீட்டர்.

ஒரு வெள்ளிக்கிழமை அக்கா என்னிடம் வந்து நின்றார். நின்ற விதமே வேறு மாதிரி இருந்தது.

"மிஸ், நாளைக்கு லீவுதான். ஒரு அரை மணி நேரம் லேப்புக்கு வந்து எம்மகளை அளந்து சொல்லணும்."

"நீங்க அளக்காததா அக்கா? நான் எதுக்கு?"

"நான் அளக்கக் கூடாது மிஸ். பெத்த கண்ணு. கூட்டித்தான் பாக்கும். நெதமும் ராத்திரி கதவுல நிப்பாட்டி அளக்கேன், ஒவ்வொரு நாளைக்கு ஒன்னு வருது, எல்லாம் எனக்குப் பிடிச்சதாவே வருது. அதை நம்ப முடியாது. நீங்க படிச்சவுக. உங்களுக்கு இதுல ஆசை கெடையாது."

பிறகு விஷயத்தை விளக்கினார். செல்விக்கு ஒரு ஆஸ்பத்திரியில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை கடைசி நாள். அன்று சேராவிட்டால் இடம் போய்விடும். மைதானத்துக்கோ இன்னும் இரண்டு வாரம் இருந்தது. "உயரம் கொறஞ்சா திங்கக்கிழம நர்சிங்ல சேத்துருவேன். தாராளமா இருந்தா கிரவுண்டுக்கு ஓட விட்டுருவேன். ரெண்டுக்கும் நடுவுல நின்னா, வீட்ல உக்காந்து யோசிக்கணும். அதுனால முன்னப்பின்ன எம்புட்டுங்கிறதையும் சேத்துச் சொல்லிருங்க மிஸ்."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஒத்தக்கடையிலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது, அவர்கள் விளாங்குடியிலிருந்து வந்து ஏற்பாடெல்லாம் முடித்திருந்தார்கள். ஊசல் குண்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு, சுவர் நேராக இருக்கிறதா என்று பார்த்து, இரும்பு டேப்பை ஒட்டி வைத்திருந்தார் அக்கா. தலைமேல் வைக்க ஒரு மரக்கட்டை. என் கண் அளவுக்கு நேராக வருவதற்கு ஒரு ஸ்டூல். "கீழருந்து பாத்தா ஒன்னு தெரியும், மேலருந்து பாத்தா ஒன்னு தெரியும். நேரா நின்னு பாருங்க மிஸ்" என்று சொல்லிவிட்டு, "நான் இங்க நிக்கல. என் மூஞ்சியப் பாத்து நீங்க மாத்திச் சொல்லிருவீக" என்று வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

செல்வி குளித்து, தலைமுடியைப் படிய வாரி, கொலுசைக்கூடக் கழற்றி வைத்துவிட்டு நின்றாள். கண்ணை இறுக மூடியிருந்தாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. தலைச்சுழிமேல் கட்டையை வைத்தேன். 156.6. அவளை விலகச் சொல்லி மறுபடி நிற்கவைத்தேன். 156.7. மூன்றாவது முறை 156.5.

எதையும் நான் எழுதவில்லை. எழுதாத அளவு அளவே இல்லை என்பது அக்காவின் சட்டம், எனக்கும் தெரியும். கையில் பேனா இருந்தது. எழுதவில்லை.

"மிஸ்?" என்றாள் செல்வி, கண்ணைத் திறக்காமல்.

நாலு மில்லி. அந்தக் கூட்டத்தில் நாலு மில்லியை எவன் பார்க்கப்போகிறான் என்று நினைத்தேன். ஓடுகிற பெண், ஓடி வாங்கிவிடுவாள் என்று நினைத்தேன். இதெல்லாம் பிறகு நான் கண்டுபிடித்த சமாதானங்களாகவும் இருக்கலாம். உண்மையில் அந்த நிமிடம் எனக்கு நல்ல செய்தி சொல்கிற ஆளாக இருக்க ஆசையாக இருந்தது. அவ்வளவுதான்.

"நூத்தி அம்பத்தேழு" என்றேன். "கரெக்டா இருக்க செல்வி."

அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். சத்தம் கேட்டுக் கதவைத் திறந்துகொண்டு அக்கா வந்தார். மகளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"எம்புட்டு மிஸ்?"

"நூத்தி அம்பத்தேழுக்கா."

"முன்னப்பின்ன?"

"ஒன்னும் இல்லக்கா. கரெக்டா இருக்கு."

என் வாழ்க்கையில் முதல்முறையாக அவர் அந்த வாலில்லாத எண்ணை ஏற்றுக்கொண்டதைப் பார்த்தேன். முகம் மெல்ல மாறியது. "அப்பச் சரி" என்றார். டேப்பைச் சுவரிலிருந்து பிய்த்தெடுத்தார். திங்கட்கிழமை செல்வி நர்சிங்கில் சேரவில்லை.

மைதானத்தில் ஓட்டம் வரைக்கும் அவள் போகவே இல்லை. உயரத்திலேயே நிறுத்திவிட்டார்கள். 156.5. அழுது கேட்டதற்கு வேறொரு அதிகாரி வந்து திரும்ப அளந்திருக்கிறார். அதே 156.5. அன்று சனிக்கிழமை. மதியம் மைதானத்திலிருந்து திரும்பும் வழியில் செல்வி எனக்கு போன் செய்தாள். பின்னால் பஸ் ஹாரன் சத்தம். "மிஸ், நீங்க அளந்தப்ப இருந்தேன்ல மிஸ்?" என்று கேட்டாள்.

"இருந்தம்மா" என்றேன்.

திங்கட்கிழமை அக்கா வழக்கம்போல வேலைக்கு வந்தார். பிள்ளைகள் வருவதற்கு முன் என்னைக் கூப்பிட்டு, மேசைமேல் மீட்டர் ஸ்கேலையும் அந்த இரும்பு டேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கோட்டுக்குக் கோடு பொருந்தியிருந்தது.

"டேப்பு சரியாத்தான் இருக்கு மிஸ்" என்றார்.

சொல்லிவிட்டு நின்றார். நகரவில்லை. ஜன்னல் வழியாக வெயில் மேசைமேல் விழுந்துகொண்டிருந்தது. பிறகு நான் வாயைத் திறந்தேன்.

"அங்க வச்சுருக்க ஸ்டாண்டு சரியில்லாம இருக்கும்க்கா. அம்புட்டுப் பேரை அளக்குறாங்க, ஆடிப்போயிருக்கும்."

"இருக்கலாம் மிஸ்" என்றார். டேப்பைச் சுருட்டி டப்பாவில் போட்டார்.

நான் சொன்ன அந்த ஸ்டாண்டுக் கதை, அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து வளர ஆரம்பித்தது. இரண்டு நாள் கழித்து அவர் வீட்டுக்காரர் வெள்ளைத்தாளோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மார்க்கெட்டிலிருந்து நேராக வந்திருந்தார், தோளில் துண்டு, துண்டில் வெங்காயச் சருகு.

"மிஸ், வேற ஒன்னும் வேணாம். நீங்க அளந்தப்ப நூத்தி அம்பத்தேழு இருந்துச்சுன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. பிசிக்ஸ் டீச்சர் எழுதிக் குடுத்தா கேஸு நிக்கும்னு ஒரு வக்கீல் சொல்றாரு. எங்க மாதிரி ஆளுகன்னா இம்புட்டு எளக்காரமா? வேணும்னே அமுக்கிருக்காய்ங்க மிஸ்."

தாளை வாங்கி மேசைமேல் வைத்தேன். பேனாவையும் திறந்துவிட்டேன். எழுதியிருப்பேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதற்குள் அக்கா வந்து தாளை எடுத்து நாலாக மடித்துவிட்டார்.

"வேணாம்."

"ஏய், என்ன வேணாம்? நம்ம புள்ளைக்கு நாமளே பேசலேன்னா எவன் பேசுவான்?"

"அங்க ரெண்டு ஆளு அளந்துருக்காங்க, ரெண்டும் ஒன்னா வந்துருக்கு. இந்தத் தாளு நாளைக்கு மிஸ் பேர்ல நிக்கும். வேணாம்னா விடுங்க."

"எம்மக தலைச்சுழி அப்பிடி. வேற யாரச் சொல்ல" என்று முனகிக்கொண்டே அவர் படியிறங்கினார். அக்கா பயப்படுகிறார், கோர்ட்டு கேஸ் என்றால் ஏழைகளுக்குப் பயம்தானே என்று நான் நினைத்தேன். அப்படி நினைத்ததில் எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. அதை இப்போது எழுதும்போது எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். அதே டீ, அதே மதியச் சாப்பாடு. மீன் குழம்பு வைத்தால் எனக்கும் ஒரு கிண்ணத்தில் வரும். ஒரே ஒரு வித்தியாசம். நான் ஒரு அளவைச் சொன்னால், அது எதுவாக இருந்தாலும், அவர் 'முன்னப்பின்ன எம்புட்டு மிஸ்?' என்று கேட்பதை நிறுத்திவிட்டார். சரிங்க மிஸ் என்று சொல்லிவிட்டு, நான் அந்தப் பக்கம் போனதும் தானே ஒரு தடவை அளந்துகொள்வார். எனக்கு அது புரிந்தது. புரியாததுபோல இருந்துவிட்டேன்.

செல்வியை நான் போன தீபாவளிக்கு ஒரு துணிக்கடையில் பார்த்தேன். சேலைப் பிரிவில் நிற்கிறாள். காலை ஒன்பதரையிலிருந்து கடை மூடும்வரை நிற்கிற வேலை. பக்கத்தில் நின்ற பெண்ணிடம் என்னைக் காட்டி, "இவுகதாண்டி என்னைய அளந்த மிஸ். நான் கரெக்டாத்தான் இருந்தேன். கிரவுண்டுலதான் அமுக்கிட்டாய்ங்க" என்றாள். வேறு பரீட்சை எதுவும் எழுதவில்லையா என்று கேட்டேன். உயரம் பார்க்காத வேலைகளுக்கு எத்தனையோ தேர்வு இருக்கிறது, அவளுக்கு மூளை இருக்கிறது.

"எதுக்கு மிஸ்? எழுதிப் பாஸானா மட்டும் விட்டுருவாய்ங்களா? அதான் நீங்களே பாத்தீகள்ல." எனக்கு ஒரு சேலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டே சொன்னாள். அந்தச் சேலையை நான் வாங்கினேன். இன்னும் கட்டவில்லை.

அக்கா இந்த ஏப்ரலோடு வேலையை விட்டுவிட்டார். மூட்டுவலி, நிற்க முடியவில்லை. ஜூனில் ஆய்வகத்தை மாடிக்கு மாற்றினார்கள். பச்சை அலமாரியைக் காலி செய்வது என் தலையில் விழுந்தது. திறந்த கதவு சாத்திக்கொள்ளாமல் எப்போதும் முட்டுக்கொடுத்து வைத்திருக்கும் எடைக்கல் பெட்டியை நகர்த்தியதும், அது மறைத்துக்கொண்டிருந்த சுழிப்பிழைப் பட்டியலின் அடிப்பகுதி தெரிந்தது. நான் அந்தப் பட்டியலை அவ்வளவு கீழே பார்த்ததே இல்லை. கடைசி வரி நீல மையில், அவருடைய உருண்டைக் கையெழுத்தில் இருந்தது.

'இயற்பியல் மிஸ். +0.4 செ.மீ. (செல்வி. வீட்டில் பத்து தடவை அளந்து சராசரி 156.6.) பிரியப்பட்டால் கூடக் காட்டும். கழித்துக்கொள்ளவும்.'

பக்கத்தில் அளந்த தேதி. செல்வி மைதானத்துக்குப் போய்வந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை.

தேதியை இரண்டு தடவை பார்த்தேன். அப்படியென்றால் திங்கட்கிழமை காலை ஸ்கேலையும் டேப்பையும் வைத்துக்கொண்டு அவர் நின்றாரே, அப்போதே அவருக்குத் தெரியும். நான் சொல்லுவேன் என்று நின்றிருக்கிறார். நான் ஸ்டாண்டைக் குறை சொன்னேன். என் பேனாவுக்கு அடியிலிருந்து தாளை எடுத்து மடித்தபோதும் தெரியும். மீன் குழம்பு கொண்டுவந்து கொடுத்த அத்தனை நாளும் தெரியும். நான் அந்தப் பெட்டிமேலேயே உட்கார்ந்து அழுதேன்.

அன்று சாயங்காலமே போன் செய்தேன்.

"நல்லாருக்கீகளா மிஸ்?"

"அக்கா, அலமாரியக் காலி பண்ணேன்."

அந்தப் பக்கம் தெருவில் யாரோ காய்கறி கூவிக்கொண்டு போவது கேட்டது.

"தாள இறுக்கி ஒட்டிட்டேன் மிஸ், கிழிக்க வராது. அப்பறம் கிழிச்சுருவோம்னு நெனச்சேன், மறந்து போச்சு."

"செல்விக்குத் தெரியுமா அக்கா?"

"தெரியாது மிஸ்."

"நீங்க சொல்லியிருக்கலாம்ல. என்னை அவ என்ன நினைச்சாலும் பரவாயில்ல. எல்லாரும் சேந்து ஏமாத்திட்டாங்கன்னு இருக்காளே, எந்தப் பரீட்சையும் எழுத மாட்டேங்கிறாளே."

"எத்தனையோ தடவ வாய் வரைக்கும் வந்துச்சு மிஸ். ஆனா அளந்தவுக நீங்கதான. அளந்தவுகதான அளவச் சொல்லணும்." குரலில் கோபம் இல்லை. "வீட்டுக்கு வாங்க. ஞாயித்துக்கிழமன்னா கடைக்கு மத்தியானத்துக்கு மேலதான் போவா."

"வாரேன்க்கா" என்றேன். "இந்த ஞாயித்துக்கிழமையே வாரேன்."

"சரிங்க மிஸ்" என்றார். எந்த மணிக்கு என்று கேட்கவில்லை. முன்னப்பின்ன எம்புட்டு என்றும் கேட்கவில்லை.

ஒத்தக்கடையிலிருந்து விளாங்குடிக்கு ஒரு மணி நேரம் ஆகும், கால் மணி முன்னப்பின்ன. அதன்பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. அதில் முன்னப்பின்ன இல்லை.